'இலேசான' என்னும் அடைமொழி: மூளை அதிர்ச்சியும் மீட்சியும்



மொழி வளர்க்கும் மேடையில் மருத்துவம் பேசத் துணிந்ததற்குக் காரணம் ஓர் அடைமொழி. தலையில் அடிபட்ட பலரின் மருத்துவக் குறிப்பில் 'இலேசான மூளைக் காயம்' என்று எழுதப்படுகிறது. வீட்டார் அதைப் படித்து நிம்மதி அடைகிறார்கள், வகுப்பாசிரியரும் அவ்வாறே. அடிபட்ட மாணவரோ மூன்றாம் வாரத்திலும் ஒரு பத்தியைப் படித்து முடிக்க இயலாமல் தவிக்கலாம். 'இலேசுதானே, ஏன் இத்தனை நாள்?' என்று அவரைச் சோம்பேறியாக்கிவிட அந்த ஒரு சொல் போதும்.

அச்சொல் எதை அளக்கிறது? 1974ஆம் ஆண்டில் கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் ஆகிய இரு மருத்துவர்கள் கிளாஸ்கோ நகரிலிருந்து ஓர் அளவுகோலை வெளியிட்டனர். இன்று வழங்கும் வடிவில் கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6 என அதன் உச்ச மதிப்பெண் 15. 13 முதல் 15 வரை பெற்றவர், நினைவிழந்திருந்த நேரம் அரை மணியையும் அடிக்குப் பிந்திய நினைவுக் குழப்பம் ஒரு நாளையும் தாண்டாவிட்டால், 'இலேசான' வகையில் சேர்க்கப்படுகிறார். தொடக்க நிலையைக் குறிக்கும் சொல் அது. பின்னர் வரக்கூடிய தலைவலி, தலைசுற்றல், தூக்கக் கேடு, கவனச் சிதறல், எரிச்சல் எதையும் அது முன்னுரைப்பதில்லை.

பேச்சுக்குரிய அந்த 5 மதிப்பெண்ணைப் பற்றித் தமிழாசிரியர்களிடம் தனியே ஒன்று சொல்ல விரும்புகிறேன். 'இது எந்த இடம்? இது எந்த மாதம்?' என்ற கேள்விகளுக்குத் தெளிவாக விடை சொன்னால் 5. குழம்பிச் சொன்னால் 4. தமிழ் மட்டுமே அறிந்த பாட்டியிடம் ஆங்கிலத்திலோ மலாயிலோ கேட்டால், அவர் திகைப்பது காயத்தாலா, மொழியாலா? உடன் செல்லும் பேரப்பிள்ளை மொழிபெயர்க்கலாம். ஆனால் பாட்டி உளறினால் உளறியதை அப்படியே சொல்ல வேண்டும். மரியாதை கருதித் திருத்திச் சொல்லும் பிள்ளை, மருத்துவர் தேடும் அடையாளத்தையே மறைத்துவிடுகிறது.

அடியின் வேகத்தில் மூளை குலுங்கும்போது நரம்பிழைகள் இழுபடுகின்றன. உயிரணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. அதை மீண்டும் உள்ளே சேர்க்க மிகுந்த ஆற்றல் தேவைப்படும் அந்நேரத்தில் இரத்த ஓட்டமோ குறைந்துவிடக்கூடும். சிடி ஸ்கேன் இதைக் காட்டாது. அது தேடுவது இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும். 'ஸ்கேனில் ஒன்றுமில்லை' என்ற செய்தியை 'ஒன்றுமேயில்லை' என்று நாம் கேட்டுக்கொள்கிறோம். 'மூளை அதிர்ச்சி' என்ற கலைச்சொல்லும் சற்று இடறுகிறது. அதிர்ச்சி என்றால் மனத்துக்கு நேர்வது என்றே பலர் கொள்கிறார்கள். 'மூளை அதிர்வுக் காயம்' என்பது என் விருப்பம்.

தலைவலி கூடிக்கொண்டே போதல், மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, கைகால் தளர்ச்சி, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

மற்றவர்க்குச் சிகிச்சை என்ன? இருட்டறையில் பல நாள் படுக்கவைப்பது முன்னைய வழக்கம். 2015இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஐந்து நாள் கடும் ஓய்வு பெற்ற இளையோர், ஓரிரு நாள் ஓய்வுக்குப்பின் படிப்படியாக இயங்கத் தொடங்கியவர்களைவிடக் கூடுதலான தொல்லைகளைத் தெரிவித்தனர். ஓரிரு நாள் அளவான ஓய்வு, திரைகளைக் குறைத்தல், பின்னர் மெல்லிய நடை, தொல்லை பெரிதும் கூடாத அளவுக்கு உடற்பயிற்சி என்பதே இன்றைய வழி. பெரியவர்களுள் பெரும்பாலோர் இரண்டு வாரங்களிலும், பிள்ளைகளுள் பெரும்பாலோர் நான்கு வாரங்களிலும் தேறுகின்றனர். எஞ்சியோருக்குக் கழுத்துக்கான இயன்முறைச் சிகிச்சை, சமநிலைப் பயிற்சி, ஒழுங்கான உறக்கம், மனச்சோர்வுக்கு உதவி எனத் தனித்தனியே கவனிப்பு வேண்டும். வலி மாத்திரையை நாள்தோறும் விழுங்கினால் அதுவே தலைவலிக்குக் காரணமாகிவிடும்.

திடலுக்கு முன் வகுப்பறை என்பது வரிசை. காற்பந்துக்கும் சிலம்பத்துக்கும் மாணவர் திரும்புவது படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் விட்டு, மருத்துவர் ஒப்புதலோடு நிகழ வேண்டும். ஆறுமுன் விழும் இரண்டாவது அடி பேராபத்தாகலாம். வகுப்பறையில் வெண்பலகையைப் பார்த்து ஏட்டில் எழுதுவதே சிலருக்குக் கடினம். கண் தொலைவுக்கும் அண்மைக்கும் மாறி மாறி ஓட வேண்டியிருப்பதே காரணம். அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்தால் அத்தொல்லை குறையும். தேர்வைத் தள்ளிவைக்கலாம்; அரைநாள் பள்ளி போதும்.

மருத்துவ விடுப்பு முடிந்து வரும் மாணவரிடம் 'குணமாகிவிட்டதா?' என்றால் 'ஆம்' என்பார். 'எத்தனை நிமிடம் படித்தால் தலை வலிக்கிறது?' என்று கேளுங்கள். இருபது என்றால் பதினைந்தில் நிறுத்தச் சொல்லி, ஐந்து நிமிடம் கண்மூடி இருக்கவிட்டு, மறுபடி தொடங்கலாம். அடுத்த வாரம் அதே கேள்வியை மீண்டும் கேளுங்கள்.