நோட்டீஸ் அடிப்பதற்கு முன் ஒரு கணக்கு

(தோட்டத்தில் சுயதொழில் செய்யும் குடும்பங்களுக்காக ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



ஆறு நாளும் மலையில் நின்றுவிட்டு, துணி துவைக்கவும் விறகு பொறுக்கவும் கிடைக்கிற ஒரே நாளில் இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இப்போது நம் லயங்களில் தையல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். வடை, இடியப்பம் போடுகிறவர்கள், காளான் வளர்க்கிறவர்கள், போன் திருத்துகிற தம்பிமார், கதிரை பந்தல் வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். இவர்களில் பலர் எங்களிடம் வந்து கேட்பது ஒரே கேள்விதான். "ஐயா, யாவாரம் மந்தமா கெடக்கு. ஒரு நோட்டீஸ் அடிச்சு விட்டா என்னா?"

இதற்குப் பதில் சொல்வதற்கு முன், நாங்கள் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். மறைப்பதில் பிரயோசனமில்லை.

நம் தோட்டத்து அக்கா ஒருவர் பகலில் கொழுந்து பறித்து, பின்னேரத்தில் பிளவுஸ் தைக்கிறவர். கை சுத்தம். தைத்த தையல் பிரியாது. அவர் வந்து கேட்டபோது, நாங்கள் ஒன்றும் யோசிக்காமல், "நோட்டீஸ் அடியுங்க அக்கா, நாலு ஊருக்குத் தெரியட்டும்" என்று சொல்லிவிட்டோம். சீட்டில் எடுத்த காசு அவர் கையில் இருந்தது. மகளின் டியூஷனுக்கென்று வைத்திருந்த காசு அது. அதிலிருந்து எடுத்து 2,000 நோட்டீஸ் அடித்தார். நம் மூன்று டிவிஷனையும் கூட்டினாலும் 500 குடும்பம் வராது. அப்படியிருக்க 2,000 எதற்கு? அதை நாங்கள் கேட்கவில்லை. "நிறைய அடிச்சா ஒன்னோட வெல கொறயும்" என்று அச்சகத்தில் சொன்னார்கள், அவரும் சரியென்றுவிட்டார்.

லயம் லயமாகக் கொடுத்தார். மிச்சத்தை டவுன் பஸ் நிலையத்தில் நின்று கொடுத்தார். இரண்டு கிழமையில் பதினொரு பேர் வந்தார்கள். அதில் ஏழு பேர் வந்தது பகல் நேரத்தில். அக்கா மலையில், வீடு பூட்டிக் கிடந்தது. நோட்டீஸில் "எந்நேரமும் வரலாம்" என்று அச்சடித்திருந்தது. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள், போனவர்கள் மறுபடி வரவில்லை. மற்ற நாலு பேரில் மூன்று பேர் அதே லயத்துக்காரர்கள். நோட்டீஸ் இல்லாவிட்டாலும் அவரிடம்தான் தைத்திருப்பார்கள். ஆக, 2,000 நோட்டீஸுக்குப் புதிதாகக் கிடைத்தது ஒரு பிளவுஸ்.

ஒரு மாதம் கழித்து அவரைக் கண்டு விசாரித்தோம். "நல்லா இருக்கேன் ஐயா. அடுப்புப் பத்த வைக்க இப்ப மண்ணெண்ண தேவப்படல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தப் பிள்ளை அந்தத் தவணை டியூஷனுக்குப் போகவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். எங்களால் ஒன்றும் பேச முடியவில்லை. அந்த அக்காவின் அனுமதியோடுதான் இதை இன்று உங்கள் முன் சொல்கிறோம்.

நோட்டீஸ் கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. அது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று முதலில் பார்க்க வேண்டும். நம் பாட்டன்மார் காலத்தில் பெரட்டுக்குத் தப்பு அடித்தார்கள். தப்புச் சத்தம் ஆட்களை எழுப்பும், பெரட்டுக்களத்துக்கு வர வைக்கும். கொழுந்து பறிப்பது ஆளின் கைதான். நோட்டீஸும் அப்படித்தான். ஆளை வாசல் வரைக்கும் கொண்டு வரும். வந்தவரை நிறுத்தி வைப்பது உங்கள் வேலையும், நேரமும், வாக்கும்.

ஆகவே காசை எடுப்பதற்கு முன் நான்கு கேள்விகளை உங்களுக்குள்ளேயே கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, வாங்க வேண்டிய ஆளுக்கு நம்மை ஏற்கனவே தெரியுமா? லயத்துக்குள் இடியப்பம் விற்கிற அம்மாவுக்கு நோட்டீஸ் வேண்டாம். ஆவி பறக்கிற தட்டுதான் அவருடைய நோட்டீஸ். தோட்டத்துக்குள்ளே ஒரு நல்ல செய்தி பரவ ஒரு மடுவம் போதும். காலையில் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது சொன்னால் பின்னேரத்துக்குள் மூன்று டிவிஷனுக்கும் போய்விடும். தெரியாத ஆட்களை, அதாவது டவுனிலும் அடுத்த தோட்டத்திலும் கிராமத்திலும் இருப்பவர்களை எட்ட வேண்டுமானால்தான் நோட்டீஸைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, பத்துப் பேர் ஒன்றாக வந்தால் நம்மால் செய்து கொடுக்க முடியுமா? தீபாவளி முற்பணம் கிடைக்கிற காலத்தில் தையல்காரர் வீட்டில் துணி மலையாகக் குவியும். அந்த நேரத்தில் நோட்டீஸ் விடுவது நிரம்பிய கூடையில் இன்னும் கொழுந்து அமுக்குவது போல. சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியாமல் கெட்ட பேர்தான் மிஞ்சும். அதேபோல வறட்சியில் கொழுந்து குறைந்து, வேலை நாளும் குறைந்து, யார் கையிலும் காசு இல்லாத மாதத்தில் நோட்டீஸ் விட்டும் பலனில்லை. பத்தாம் தேதி சம்பளத்தை ஒட்டிய நாட்கள்தான் நமக்கு நல்ல நாட்கள்.

மூன்றாவது, வருகிறவர் கைக்காசு கொடுப்பவரா, கடன் சொல்பவரா? சில்லறைக் கடை வைத்திருக்கும் அண்ணன்மார் இதை நன்றாக யோசிக்க வேண்டும். கடன் கொப்பியில் ஏற்கனவே நாற்பது பேர் இருக்கும்போது நோட்டீஸ் விட்டால் நாற்பத்தொன்றாவது கடன்காரரும் வருவார். அந்தக் கடைக்கு வேண்டியது நோட்டீஸ் அல்ல, பழைய கடனை வசூலிப்பதுதான்.

நான்காவது, ஒரு ஆளிடம் நமக்கு எவ்வளவு மிஞ்சுகிறது? இதுதான் முக்கியமானது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இங்கே சொல்கிற தொகை எல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. நீங்கள் விசாரித்த விலையைப் போட்டுப் பாருங்கள்.

1,000 நோட்டீஸுக்கு அச்சுக் கூலி 6,000 ரூபா, பஸ் காசும் கொடுக்கப் போகிற பையனுக்கு ஏதாவதும் சேர்த்து 1,000 ரூபா என்று வைத்தால் மொத்தம் 7,000 ரூபா. ஒரு பிளவுஸ் தைத்தால் நூல், கொக்கி, மின்சாரம் போக 500 ரூபா மிஞ்சுகிறது என்று எடுப்போம். 7,000 ரூபாவை 500 ஆல் பிரித்தால் 14. அதாவது நோட்டீஸைப் பார்த்துப் புதிதாக 14 பேர் வந்தால்தான் போட்ட காசு திரும்பும். பதினைந்தாவது ஆளிடமிருந்துதான் லாபம்.

அதே நோட்டீஸை வடைக்காரர் அடித்தால்? ஒரு வடைக்குப் பத்து ரூபா மிஞ்சினால் 700 வடை கூடுதலாக விற்க வேண்டும். அது நடக்கிற காரியமா? கதிரை, பந்தல் வாடகைக்கு விடுகிறவரைப் பாருங்கள். ஒரு கலியாண வீட்டில் 7,000 ரூபா மிஞ்சினால் அந்த ஒரே வீட்டில் முழுச் செலவும் வந்துவிடும். நோட்டீஸ் ஒன்றுதான். ஒருவருக்கு அது நஷ்டம், மற்றவருக்கு லாபம். அடுத்தவர் அடித்தார் என்று நாமும் அடிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பந்தல்காரர் ஒரு குடும்பத்துக்குத் தேவைப்படுவது எப்போதாவது ஒரு முறைதான். அந்த நாளில் அவர் நம்பர் கையில் இருக்க வேண்டும். ஆகையால் நோட்டீஸ் வீட்டில் தங்க வேண்டும். ஒரு தம்பி பின்பக்கத்தில் டவுனுக்குப் போகும் பஸ் நேரங்களை அச்சடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வீடு அது கதவுக்குப் பின்னால் இன்னும் ஒட்டியிருக்கிறது. நல்லது கெட்டது எது வந்தாலும் அவருக்குத்தான் போன் போகிறது.

இப்போது வாலிபப் பிள்ளைகள் கேட்பார்கள், "போனில் வாட்ஸ்அப் இருக்கும்போது தாள் எதற்கு?" என்று. நியாயமான கேள்விதான். 2022 இல் நாட்டில் தாள் தட்டுப்பாடு வந்து, பள்ளிக்கூடப் பரீட்சையே தள்ளிப்போனதை மறந்திருக்க மாட்டீர்கள். தாள் மலிவான சாமானல்ல. தெரிந்த ஆட்களுக்குப் படம் அனுப்ப போன் போதும். ஆனால் நம்மைத் தெரியாதவருடைய நம்பர் நம்மிடம் இருக்காது. டேட்டா போட வசதியில்லாத வீடுகளும் இருக்கின்றன. இரண்டையும் அளவோடு பாவியுங்கள்.

சரி, நான்கு கேள்விக்கும் நல்ல பதில் வந்தது, அடிக்கத்தான் வேண்டும் என்றால் என்ன செய்வது?

முதலில் நூறு மட்டும் போடுங்கள். ஒரு ஏ4 தாளில் நான்கு துண்டு வரும். நூறு நோட்டீஸுக்கு 25 தாள் போதும். போட்டோ கொப்பி ஒரு பக்கம் 20 ரூபா என்றால் 500 ரூபாவோடு முடிந்தது. பிளவுஸ் கணக்கில் ஒரே ஒரு ஆள் வந்தால் காசு திரும்பிவிடும். நட்டம் வந்தாலும் வீட்டைக் கவிழ்க்காது.

எழுதுவது குறைவாக இருக்கட்டும். என்ன வேலை, என்ன விலை, எங்கே, எந்த நேரம், போன் நம்பர். இந்த ஐந்தும் போதும். மலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருக்கிற நேரத்தை மட்டும் போடுங்கள். நம்பரை இரண்டு பேர் வாசித்துச் சரிபாருங்கள், ஒரு இலக்கம் பிழைத்தால் எல்லாம் குப்பை. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத பெரியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே தையல் மெசினோ கதிரையோ ஒரு சின்னப் படம் போடுங்கள். டவுனிலும் கிராமத்திலும் கொடுப்பதானால் சிங்களத்திலும் எழுத வேண்டும். நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்திய பிறகே கொப்பி எடுங்கள்.

செய்ய முடியாததை எழுதாதீர்கள். பாவனையாளரைப் பிழையாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தில் இடமில்லை. சாப்பாட்டுச் சாமான் விற்பவர்கள் முதலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு பேசுங்கள். சுவரிலோ கம்பத்திலோ ஒட்டுவதாக இருந்தால் பிரதேச சபையில் கேட்டுவிட்டு ஒட்டுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை பெய்கிற மழையில் ஒட்டியது நிற்கவும் மாட்டாது.

கொடுக்கும் இடத்தைப் பொறுத்துத்தான் பலன். பஸ் நிலையத்தில் ஓடுகிற ஆள் கையில் திணித்தால் அது காணுக்குள் போகும். வருகிற ஒவ்வொருவரிடமும், "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்று கேட்டு ஒரு கொப்பியில் கோடு போட்டு வையுங்கள். இரண்டு மாதத்தில் அந்தக் கோடுகள் சொல்லும், இன்னொரு நூறு அடிக்கலாமா வேண்டாமா என்று.

கடைசியாக அந்த அக்காவின் கதையை முடிக்க வேண்டும். நாங்கள் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "காசு போனது போகட்டும், வழி சொல்லுங்க ஐயா" என்றார். இஸ்தோப்பில் அவரோடு உட்கார்ந்து யோசித்தோம். யோசனையைச் சொன்னது நாங்கள் அல்ல, அவருடைய மகள். "பிளவுஸ் துணி வாங்குறவங்களுக்குத் தானே தையல்காரர் வேணும்? துணிக் கடையில குடுத்தா என்னா?" என்றது அந்தப் பிள்ளை.

அதே மாதிரிச் செய்தோம். நூறு துண்டு, இரண்டு மொழியில், "மாலை 5 மணிக்குப் பிறகு, ஞாயிறு முழுநாளும்" என்று எழுதி, டவுனில் ஒரு துணிக் கடையில் கொடுத்தோம். பிளவுஸ் துணி வாங்குகிறவர்களின் பையில் மட்டும் ஒன்று போட முதலாளி சம்மதித்தார். தைக்க ஆள் இருந்தால் அவருக்கும் துணி விற்கும். தைத்த பிளவுஸ் ஒன்றைப் பிள்ளைக் காம்பராவில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரித் தொங்கவிட்டார் அக்கா. அந்த நூறு துண்டுக்கு ஒன்பது பேர் புதிதாக வந்தார்கள். அதில் நாலு பேர் இரண்டாம் முறையும் வந்துவிட்டார்கள். 2,000 கொடுக்காததை 100 கொடுத்தது. அடுத்த தவணைக்கு அந்தப் பிள்ளை டியூஷனுக்குப் போகத் தொடங்கியது.

போன தவணை போனதுதான். அதை நாங்கள் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் இந்தத் தோட்டத்தில் இன்னொரு வீட்டில் அப்படி நடக்கக் கூடாது. காசை எடுப்பதற்கு முன் ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கு வாருங்கள். கணக்குத் தெரியாது என்று யாரும் வெட்கப்பட வேண்டாம், வீட்டில் படிக்கிற பிள்ளையையும் கூட்டி வாருங்கள். சேர்ந்து போட்டுப் பார்ப்போம். அடிக்கலாம் என்று கணக்குச் சொன்னால் அடிப்போம். வேண்டாம் என்றால் அந்தக் காசு சீட்டிலேயே இருக்கட்டும்.