எண்களால் ஆன ஊதுகுழல்

ஒரு வாத்தியத்தின் நாதம் மற்றொன்றின் நாதம் போல் இல்லாதிருப்பது ஏன்? இவ்வினாவுக்குப் பௌதிகப் பாடநூல்கள் நெடுங்காலமாக ஒரே விடையைக் கூறி வந்தன. இசையொலி ஒவ்வொன்றிலும் அடிப்படை ஒலியோடு, அதன் இருமடங்கு, மும்மடங்கு மீடிறனுடைய இசையங்களும் கலந்துள்ளன. அக்கலவையின் அளவே நாதத்தின் பண்பை நிர்ணயிக்கின்றது என்பதே அவ்விடை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜேர்மனிய அறிஞர் நிலைநாட்டிய கொள்கை இது. மாணவர் இதனை மனனஞ் செய்தனர். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றனர். விடை முழுமையானதுதானா என்று செவியைக் கொண்டு சோதிக்க வகுப்பறையில் இலகுவான வழி இருக்கவில்லை.

அவ்வழியைத் திறந்தது கணனி. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மக்ஸ் மத்தியூஸ் என்பார், எண்களை ஓசையாக்கும் மென்பொருளொன்றை 1957ஆம் ஆண்டில் இயக்கிக் காட்டினார். அதில் ஒலித்த முதல் இசை 17 விநாடியே நீடித்தது. கணிப்பு நியூயோர்க் நகரில் நடைபெற்றது; காந்த நாடாவை நியூ ஜேர்சிக்குக் கொண்டு சென்ற பின்னரே ஓசையைக் கேட்க முடிந்தது!

ஜான் குளோட் ரிசே என்ற பிரெஞ்சுக்காரர் 1964இல் அங்கு வந்து சேர்ந்தார். பௌதிகமும் இசையும் ஒருங்கே பயின்றவர். ட்ரம்பெற் என்னும் பித்தளை ஊதுகுழலின் நாதத்தைக் கணனியில் ஆக்க அவர் முயன்றார். பாடநூல் கூறியவாறு இசையங்களை மாறாத அளவிற் கலந்தால், பிறந்த ஓசையில் ட்ரம்பெற்றின் சாயல் இல்லை. உண்மையான நாதத்தைப் பகுத்து ஆராய்ந்தபோதுதான் காரணம் புலனாயிற்று. நாதம் தொடங்கும் கணத்தில் கீழ் இசையங்கள் முன்னே எழுகின்றன. மேல் இசையங்கள் சற்றுப் பிந்தி வருகின்றன. உரத்து ஊத ஊத, மேல் இசையங்களின் பங்கும் கூடுகின்றது. இவ்வாறு ஆக்கிய ஓசையைக் கேட்டவர்கள், அதனை மெய்யான ட்ரம்பெற்றிலிருந்து பிரித்தறிய இடர்ப்பட்டனர். பாடநூலின் விடை பிழையன்று. காலம் என்பதை அது மறந்துவிட்டது.

ரிசே அன்று பெரும் பொறிகளைக் கொண்டு செய்ததை இன்று ஒரு மாணவி சாதாரணக் கணனியிலே செய்துவிடலாம். மில்லர் பக்கற் என்பவர் 1996இல் ஆக்கிய பியூர் டேற்றா என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கின்றது. திரையில் சிறு பெட்டிகளை வைத்து, கோடுகளால் இணைத்தல் வேண்டும், அவ்வளவே. ஒரு பெட்டிக்கு 440 என்றும் மற்றொன்றுக்கு 441 என்றும் மீடிறன் கொடுத்தால், ஓசை விநாடிக்கு ஒரு முறை ஓங்கித் தாழ்கின்றது. தம்புராவுக்குச் சுருதி கூட்டுவோரின் செவி அடங்கக் காத்திருப்பது இவ்வலைவே. ஓசையைத் திடீரெனத் தொடக்கினால் 'டக்' என்றொரு சத்தம் கேட்கும். ஒலிபெருக்கி பழுதென்று மாணவி எண்ணுவாள். அலையை நடுவில் வெட்டிய தன் கையே காரணமென்று பின்னர் அறிவாள். பத்துப் பக்க விளக்கம் தராத தெளிவை அந்த 'டக்' தந்துவிடுகின்றது.

இத்தகைய மென்பொருள்கள் பலவற்றில் ஆயத்த நாதங்கள் நிறைந்துள்ளன என்பதையும் நேயர்கள் மறத்தலாகாது. பொத்தானை அழுத்தினால் வயலின், மறுபடி அழுத்தினால் வீணை. இசையமைப்போருக்கு அது வசதியே. கற்போருக்கோ சமைத்த சோற்றை உண்டு சமையல் பயில்வது போன்றதாகும். ஆசிரியர் முதல் மாதத்தில் அப்பொத்தான்களை மறைத்து வைப்பதே தகும்.

ரிசே வேறொரு வழியை விட்டுச் சென்றார். 1969இல், தாம் ஆக்கிய ஓசைகளின் பட்டியலொன்றை அவர் தொகுத்தார். ஒவ்வோர் ஓசைக்கும் உரிய எண்கள் அதில் முழுமையாகத் தரப்பட்டுள்ளன. ஓசைகளின் ஒலிப்பதிவும் உண்டு. இன்றைய மென்பொருள்களுக்கு ஏற்ப அவற்றிற் பல மாற்றி எழுதப்பட்டுள்ளன. கற்பவர் எண்களைப் பதித்துத் தம் ஓசையை ஒலிப்பதிவுடன் ஒப்பிடலாம். பின்னர், மேல் இசையங்களின் தாமதத்தை மட்டும் நீக்கிக் கேட்கலாம். ட்ரம்பெற் மறைந்து, ஆர்மோனியத்தை ஒத்த உயிரற்ற ஓசையொன்று அங்கே எஞ்சி நிற்கும்.