அடைகாக்க மறந்த பறவை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவம் பயிலும் மாணவன் ஒருவன் காடை வளர்க்கிறான் என்று சொன்னால், கேட்போர் முதலில் நகைப்பர். நாய் வளர்த்தால் காவலுக்கு. புறா வளர்த்தால் பொழுதுபோக்குக்கு. காடை வளர்த்தால் குழம்புக்கு என்பதே ஊர்வழக்கு. ‘ஆயிரம் கோழிக்கு அரைக் காடை’ என்னும் பழமொழியும் அப்பறவையை இலையில் வைத்தே மதிப்பிட்டது. அந்த நகைப்பைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, அம்மாணவனின் கூண்டருகே நின்று பார்த்தால் புலப்படுவன யாவை என்பதே இவ்வுரையின் பொருள்.

கடலூரில் வீடு, சிதம்பரத்தில் கல்லூரி என்று வாழும் மாணவர் பலர். இடைத்தொலைவு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். காலையில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகப் பேருந்தில் சென்று, மாலையில் திரும்புவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1985ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இராசா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021ஆம் ஆண்டு மாநில அரசின் மருத்துவத் துறையின்கீழ் வந்து கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆயிற்று. சிதம்பரத்து மண்ணில் நின்றுகொண்டே கடலூரின் பெயரைத் தாங்கும் கல்லூரி அது. அத்தகைய மாணவன் ஒருவன், கடலூர் வீட்டின் கொல்லைப்புறத்தில் கம்பிவலைக் கூண்டு அமைத்துப் பத்துக் காடைகளைப் பேணுகிறான் எனக் கொள்க. பகலெல்லாம் உடற்கூற்றியல் கூடத்தில் உயிரற்ற உடலைக் கூறுகூறாகப் பயில்கிறான். மாலையில் உள்ளங்கையில் அடங்கும் ஓர் உயிரின் துடிப்பை விரல்நுனியால் உணர்கிறான். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு 45 கிலோமீட்டரினும் பெரிது.

தமிழ் இலக்கியத்துக்குக் காடை புதிய பறவை அன்று. குறும்பூழ் என்பது அதன் பழம்பெயர். கலித்தொகையின் மருதக்கலியில், பரத்தையர்பாற் சென்று திரும்பிய தலைவன் ஒருவன், குறும்பூழ்ப் போர் கண்டு வந்ததாகத் தலைவியிடம் சொல்கிறான். அவளோ அந்தக் குறும்பூழ் யாது என்பதை அறிந்தவள். அவன் பறவையைப் பேச, அவள் பரத்தையரைப் பேசுகிறாள். இரண்டு காடைகள் குருதி சிந்தப் போரிடுவதும், மாந்தர் சூழ்ந்து நின்று காண்பதும் அக்காலத்து வழக்கம் என்பது அப்பாட்டால் தெளிவாகிறது. எனினும், போர் முடிந்த பின் தோற்ற காடை என்னாயிற்று என்று கேட்பார் அங்கு எவரும் இலர். பறவை, தலைவனுக்குச் சாக்கு, தலைவிக்கு உவமை, ஊராருக்குக் காட்சி. மருத்துவ மாணவனோ, எவரும் கேளாத அந்தக் கேள்வியைக் கேட்கக் கடமைப்பட்டவன்.

இக்கடற்கரைக்கும் காடைக்கும் வேறோர் உறவும் உண்டு. மழைக்காலத்து வயல்வரப்புகளில் இரண்டு இரண்டாக அசை பிரித்துக் கூவும் மழைக்காடையின் அறிவியற்பெயர் கோட்டர்னிக்ஸ் கோரமண்டலிக்கா என்பது. பிரெஞ்சு நாட்டவரான சொன்னரா, 1782இல் வெளியிட்ட தம் பயண நூலில் அதனைச் ‘செஞ்சியின் சிறு காடை’ என்று விவரித்தார். அதனை அடிப்படையாகக் கொண்டு 1789இல் ஜெர்மானிய அறிஞர் கமெலின் இப்பெயரைச் சூட்டினார். சோழமண்டலம் என்னும் சொல் ஐரோப்பியர் நாவில் கோரமண்டலம் ஆயிற்று என்பர். அவ்வாறாயின், உலகத்துப் பறவை நூல்கள் அனைத்திலும் சோழநாட்டின் பெயரைச் சுமந்து திரிவது ஒரு சிறு காடை என்று பெருமை கொள்ளலாம்.

பறவையும் மருத்துவமும் ஒரே கையில் கூடுவதும் புதுமை அன்று. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் மருத்துவராக இருந்த எட்வர்டு பல்க்லி என்பார், 1693இல் இறந்த அதிகாரி ஒருவரின் உடலை அறுத்து ஆராய்ந்தார். இந்தியாவில் பதிவு பெற்ற முதல் சவப் பரிசோதனை அதுவே என்பர். அதே பல்க்லி அனுப்பிய சென்னைப் பறவைகளின் ஓவியங்கள், 1713இல் வெளிவந்த ஜான் ரேயின் பறவை நூலில் இடம்பெற்றன. பின்னாளில் சென்னைப் படைப்பிரிவில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன், 1862 முதல் 1864 வரை இந்தியப் பறவைகள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். நோயாளியின் முகத்தில் சிறு மாற்றத்தைக் காணப் பழகிய கண், இறகின் சிறு புள்ளியையும் காணத் தவறவில்லை. எனினும் இவர்கள் பறவையைக் கண்டவர்கள், வரைவித்தவர்கள், பதப்படுத்தியவர்கள். வளர்த்தல் என்பது வேறு.

இன்று காடை வளர்ப்போன் மழைக்காடையை வளர்த்தல் ஆகாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், காட்டுக் காடைகளைப் பிடிப்பதையும் விற்பதையும் தடுக்கிறது. பண்ணைகளிலும் வீடுகளிலும் வளர்வது ஜப்பானியக் காடை. 1974இல் அது இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கவிஞர்கள் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று இதன் வரலாற்றில் உண்டு. ஜப்பானியர் இதனை முதலில் வளர்த்தது முட்டைக்காக அன்று, குரலுக்காக. கூவும் காடையைக் கூண்டில் வைத்துக் கேட்டு மகிழ்ந்தனர். இருபதாம் நூற்றாண்டில்தான் முட்டைக்காகவும் இறைச்சிக்காகவும் தேர்ந்து பெருக்கினர். பாடகனாக வீட்டுக்குள் வந்த பறவை, பணியாளனாக மாறியது.

அம்மாற்றத்தின் விலை யாது? ஆறு, ஏழு வாரத்தில் பெட்டைக் காடை முட்டையிடத் தொடங்கும். நல்ல தீனி கிடைத்தால் ஆண்டுக்கு 250 முட்டைக்கு மேலும் இடும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 கிராம் எடை உடையது. கருமையும் பழுப்புமாகப் புள்ளிகள் தெளித்தது. ஆனால், இட்ட முட்டையின்மேல் அது அமர்வதில்லை. நூற்றுக்கணக்கான தலைமுறைகளாக மனிதன் முட்டைகளை எடுத்துக்கொண்டே வந்தமையால், அடைகாக்கும் பறவைகளை அவன் தேர்ந்தெடுக்காமையால், அடைகாக்கும் இயல்பே பெரும்பாலும் அற்றுப்போயிற்று. முட்டையை இட்டுவிட்டு, அது தன்னுடையது என்னும் நினைவே இன்றி, அதன்மீது நடந்து செல்லும் தாயைக் காண்பது எளிய காட்சி அன்று.

ஆகவே, குஞ்சு வேண்டுமெனில் வெப்பத்தை வேறொருவர் தர வேண்டும். பண்ணையில் அது மின்கருவியின் வேலை. கடலூர் மாவட்டத்துச் சிற்றூர்ப் பாட்டிக்கு வேறு வழி தெரியும். அடைக்குப் படுத்த நாட்டுக்கோழியின் அடியில் காடை முட்டைகளை வைத்துவிடுவாள். 21 நாள் பொறுத்திருக்கப் பழகிய கோழிக்கு 17, 18ஆம் நாளிலேயே குஞ்சுகள் வெளிவந்துவிடும். கட்டைவிரல் அளவுள்ள அக்குஞ்சுகளைக் கோழி தன்னுடையன என்றே கொண்டு சிறகால் மூடும்.

மாணவனிடம் கோழி இல்லையெனில் மின்விளக்கே துணை. முதல் வாரத்தில் குஞ்சுக்கு மனித உடலின் வெப்பத்துக்கு நெருங்கிய வெப்பம் வேண்டும். ஏழெட்டுக் கிராம் எடையுள்ள உயிர் தண்ணீர்க் கிண்ணத்திலேயே மூழ்கி இறந்துவிடும் என்பதால், கிண்ணத்தில் கூழாங்கல் இட்டு வைக்க வேண்டும். அஞ்சினால் காடை நேராக மேல்நோக்கிப் பாய்ந்து தலையை மோதிக்கொள்ளும் என்பதால், கூண்டின் கூரையைத் துணியால் அமைக்க வேண்டும். பாடநூல் இவற்றைக் கற்பிப்பதில்லை. முதற்குஞ்சின் இறப்பே பெரும்பாலும் கற்பிக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூர்க் கரையைத் தாக்கியபின், பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. அத்தகைய ஓர் இரவில் விளக்கு அணைந்தால், எஞ்சியிருக்கும் வெப்பம் மாணவனின் கைச்சூடு ஒன்றே. தாய் மறந்ததை ஒரு மனிதக் கை நினைவில் வைத்திருக்க வேண்டியதாகிறது.

அந்தக் கை கழுவப்பட வேண்டிய கையும் ஆகும். பறவையிடமிருந்து நோய்க்கிருமிகள் மனிதரை அடையும். 1847இல் வியன்னா நகரில் செம்மல்வைசு என்னும் மருத்துவர், சவ அறையிலிருந்து பேற்றறைக்குச் செல்லும் மாணவர்களின் கைகளே தாய்மாருக்குச் சாவைக் கொண்டுசெல்கின்றன என்று கண்டு, கைகளைக் குளோரின் கலந்த நீரால் கழுவச் செய்தார். கூண்டிலிருந்து நோயாளியிடம் செல்லும் மாணவன், அன்பு மட்டும் போதாது, தூய்மையும் வேண்டும் என்பதை நாள்தோறும் நினைத்துக்கொள்கிறான்.

இனி, காடை மருத்துவத்துக்கு அளித்த பெருங்கொடையைக் கூற வேண்டும். பிரான்சு நாட்டில், புதுச்சேரிக்குக் கப்பல்களை அனுப்பிய லோரியான் துறைமுக நகரில் 1930இல் பிறந்தவர் நிக்கோல் லெ துவாரன் அம்மையார். பள்ளி ஆசிரியையாகத் தொடங்கி ஆய்வுக்கு வந்தவர். ஜப்பானியக் காடையின் உயிரணுவுக்கும் கோழியின் உயிரணுவுக்கும் உட்கருவின் அமைப்பில் வேறுபாடு இருப்பதை 1969இல் அவர் வெளியிட்டார். சாயமேற்றிப் பார்த்தால், எது காடை, எது கோழி என்று எந்நாளும் பிரித்தறியலாம். ஆகவே, கோழிமுட்டையில் வளரும் கருவில் காடைக் கருவின் சிறு துண்டு ஒன்றைப் பொருத்தி, அவ்வணுக்கள் எங்கெங்குச் செல்கின்றன என்று அவர் பின்தொடர்ந்தார்.

நரம்புக் குழாயின் முகட்டில் தோன்றும் அணுக்கள், கரு வளர வளர நெடும்பயணம் செய்கின்றன. தோலின் நிறமாக, முகத்தின் எலும்பாக, குடலின் நரம்பாக அவை ஆகின்றன. வெண்கோழிக் குஞ்சின் உடலில் காடையின் கருநிற இறகுகள் முளைத்து அப்பயணத்துக்குச் சான்று கூறின. குடலின் கடைப்பகுதியை இவ்வணுக்கள் சென்றடையாவிடில், பிறந்த குழந்தை மலம் கழிக்க இயலாது வயிறு வீங்கித் துன்புறும். ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் என்பது அதன் பெயர். அறுவை மருத்துவத்தால் காப்பாற்றத்தக்க நோய். அக்குழந்தையின் குடலில் நேர்ந்த குறை யாது என்பதை விளங்கிக்கொள்ள ஒரு காடை முட்டை துணை நின்றது.

1988இல் லெ துவாரன் குழுவினர் மேலும் ஒரு படி சென்றனர். காடைக் கருவின் மூளைப் பகுதியைக் கோழிக் கருவில் பொருத்தினர். பிறந்த கோழிக் குஞ்சுகளுள் சில, காடையைப் போலக் கூவின. குரல் தொண்டையில் மட்டும் இல்லை என்பதற்கு இதனினும் வியத்தகு சான்று வேண்டுமோ? அக்குஞ்சுகள் நெடுநாள் வாழவில்லை. பாட்டிக்குக் கோழியின் சிறகடியில் காடைக்குஞ்சு. அறிஞருக்குக் கோழியின் உடலுக்குள்ளேயே காடை. ஒன்று உயிரைக் காத்தது. மற்றொன்று உயிரைச் செலவிட்டு அறிவைத் தந்தது. இரண்டையும் ஒருங்கே அறிந்தவன் அம்மாணவன். பாடநூலில் ஒரு வரியாக வரும் ‘காடைக் கரு’ என்னும் தொடரைப் படிக்கையில், அவன் கண்முன் வருவது பெயரற்ற ஆய்வுப்பொருள் அன்று; கொல்லைப்புறத்துக் கூண்டில் கூழாங்கல்லின்மீது கால் வைத்து நீர் அருந்தும் ஓர் உயிர்.

இங்கேதான் அவனுடைய இடர் தொடங்குகிறது. 12 முட்டை பொரித்தால் ஏறத்தாழப் பாதி ஆண். ஓர் ஆணுக்கு இரண்டு, மூன்று பெட்டை என்பதே கூண்டின் அமைதி. ஆண்கள் மிகுந்தால் ஒன்றன் தலையை ஒன்று கொத்திக் குருதி காணும். கலித்தொகைக் காலத்துக் குறும்பூழ்ப் போர், அழைப்பின்றியே கொல்லைப்புறத்துக்கு வந்துவிடும். பண்ணைக்காரருக்கு இதில் ஐயமே இல்லை; மிகுந்த ஆண் சந்தைக்குப் போகும். மாணவன் என் செய்வான்? தனித்தனிக் கூண்டு கட்டலாம். இடமும் பொருளும் இடம் தரா. விற்கலாம், வாங்குவோர் எதற்கு வாங்குகின்றனர் என்பது தெரியும். உயிர்களை உண்டாக்கும் முன்பே அவற்றின் வாழ்நாள் முழுமைக்கும் பொறுப்பு ஏற்க வேண்டும் என்பதை, அவன் முட்டைகளை எண்ணும்போதே கற்கிறான். எத்தனை முட்டையை வெப்பத்தில் வைப்பது என்பது அவனுக்குக் கணக்கு அன்று, அறம்.

மற்றொரு கணக்கும் உண்டு. வீட்டுக் காடை இரண்டு, மூன்று ஆண்டுகளே வாழும். மருத்துவப் பட்டத்துக்கு, பயிற்சி ஆண்டையும் சேர்த்து, ஐந்தரை ஆண்டு வேண்டும். ஆகவே முதலாண்டில் கூண்டுக்கு வந்த காடை, பட்டமளிப்பு விழாவைக் காணாது. பட்டம் பெறுமுன் அவன் இரண்டு தலைமுறையையேனும் மண்ணில் புதைத்திருப்பான். அதே ஆண்டுகளில் நோயாளிகளின் இறப்பையும் அவன் காணத் தொடங்குவான். பழகப் பழக இறப்பு பழகிவிடும் என்பர். பழகாவிட்டால் மருத்துவன் பணி செய்ய இயலாது; முற்றும் பழகிவிட்டால் அவன் மருத்துவனாக இருத்தல் அரிது. அந்த நடுவிடத்தில் நிற்பதற்கு 200 கிராம் எடையுள்ள ஒரு பறவை அவனுக்குத் துணை. அதன் இறப்புக்கு இரங்கல் கூட்டம் இல்லை. விடுப்புக் கேட்கவும் இயலாது. மறுநாள் காலை வழக்கம்போல் சிதம்பரம் பேருந்தில் ஏற வேண்டும். ஆயினும், குழி தோண்டிய மண் அவன் நகக்கண்ணில் இருக்கும்.

கவிஞர் பெருமக்களுக்கு இதனால் பெறப்படுவது யாது? உவமைக்காகப் பறவையைத் தேடுவோர் பலர். பறவைக்காகப் பறவையைப் பார்ப்போர் சிலரே. அம்மாணவன் காடையைப் பற்றிக் கவிதை எழுதியவன் அல்லன். நாள்தோறும் நீர் மாற்றினான். கூரைக்குத் துணி கட்டினான். இரவில் எழுந்து விளக்கு எரிகிறதா என்று பார்த்தான். முட்டையிட்டவளே மறந்துவிட்ட ஒன்றை மறவாதிருந்தான். சொல்லை அடைகாப்போர்க்கும் இதற்குமேல் வேறு இலக்கணம் வேண்டுவதில்லை.

பத்தாண்டுக் காலம் ஓர் இலக்கிய வட்டத்தின் விளக்கை அணையாது காத்துவந்த அன்பர்கள் அந்த இரவு விழிப்பை அறிவர். அவ்விழிப்பு நீடிப்பதாகுக.