சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு மாதம் ஒரு திட்டம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

 

வரவு செலவு ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னர், "ஹஜ்ரத், பத்து நிமிடம் பேசுங்கள்" என்று பணித்தார்கள். வழக்கம்போல் மக்தபைப் பற்றிப் பேசுவேன் என்று எண்ணியிருப்பீர்கள். மக்தபுக்கு வரும் வயதை இன்னும் எட்டாத பிள்ளைகளைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

நம் மஹல்லாவில் ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் கடைகளில் கணக்கெழுதுவோராகவும் பணிக்குச் செல்லும் தாய்மார்கள் பெருகியுள்ளனர். தந்தையோ வளைகுடாவில், நன்னியோ படுக்கையில். இத்தகைய இல்லங்களின் பிள்ளைகளை ஐவர், அறுவர் எனத் தம் வீட்டு முன்கூடத்தில் வைத்துப் பராமரிக்கும் சகோதரிகள் சிலர் நம்மிடையே உள்ளனர். அவர்களுள் ஒருவர் விஷயத்தில் நான் செய்த பிழையை இச்சபையில் கூறியே ஆகவேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு தந்தை என்னிடம் வந்து, "பிள்ளை அங்கே விளையாடிக்கொண்டுதான் இருக்கிறான், விளையாடுவதற்கா மாதாமாதம் பணம் கொடுக்கிறோம்?" என்று குறைப்பட்டார். நானும் சிந்தியாமல் அந்தச் சகோதரியின் வீட்டு வாசலில் நின்று, "மூன்று வயதுக்குள் அலிஃப், பா எழுதட்டும், அ, ஆ எழுதட்டும், ஐந்து சூராக்கள் மனனமாகட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஹஜ்ரத் சொல்லிவிட்டார்களே என்று அவரும் பிள்ளைகளின் கையில் பென்சிலைக் கொடுத்து உட்காரவைத்தார். ஒரு மாதம் கழித்து அத்தெரு வழியே சென்றபோது, என் தொப்பியைக் கண்ட ஒரு சிறுவன் கதவுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தான். இரு பிள்ளைகள் அவ்வீட்டுக்கு வரவே மறுத்தனர். அவர்களுள் ஒருவனின் தாய் தம் வேலையையே விட்டு வீட்டில் இருக்க நேர்ந்தது. அந்தச் சகோதரியின் வருவாயும் குறைந்தது.

அங்கன்வாடியில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வுபெற்ற நம் தெரு மூதாட்டி ஒருவர்தாம் எனக்கு விளக்கினார். "ஹஜ்ரத், அவன் விரலுக்கு இன்னும் அந்த வலு வரவில்லை. முதலில் மாவு பிசையட்டும், காகிதம் கிழிக்கட்டும், மணலில் கோடு இழுக்கட்டும். பிறகு பென்சில் தானாகப் பிடிபடும்" என்றார். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில், நம் மாநிலத்தில் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' எனும் பாடத்திட்டம் மாதம் ஒரு கருப்பொருள் என்று வகுக்கப்பட்டிருப்பதையும் அவரே சொன்னார். மூன்று முதல் எட்டு வயது வரையிலானோருக்காக 2022இல் வெளியான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் விளையாட்டையே கல்விக்கு அடிப்படையாக வைக்கிறது. அனஸ் (ரலி) அவர்களின் சின்னஞ்சிறு தம்பியிடம் அவர் வளர்த்த குருவியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அன்புடன் விசாரித்த ஹதீஸை நான் எத்தனை முறை ஓதிக் கொடுத்திருக்கிறேன்! வீட்டு வாசலில் நின்றபோது அது என் நினைவுக்கு வரவில்லை.

அதன்பின் அந்த மூதாட்டியும் அச்சகோதரியும் அமர்ந்து வகுத்த திட்டத்தையே இங்கு சொல்கிறேன். ஜூன் மாதம் புதிய பிள்ளைகள் அழுதுகொண்டு வரும் மாதம். ஆகவே அதற்குப் பெரிய திட்டம் ஏதுமில்லை. வீடு, உம்மா, வாப்பா, என் பெயர் என்பவையே போதும். ஆடிக்காற்று வீசும் நாட்களில் காகிதக் காற்றாடி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. காகிதக் கப்பல், குடை, தவளை, நனைந்த மண்ணின் மணம். ஏப்ரல், மே மாதங்களில் நுங்கு, மாம்பழம், தண்ணீர் விளையாட்டு. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அரசு வழங்கும் குடற்புழு நீக்க மருந்தை மறவாதிருக்க, அட்டவணையில் சிவப்பு மையால் குறித்துள்ளார்கள்.

இவற்றோடு நமக்கு மற்றொரு நாட்காட்டியும் உண்டல்லவா! ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாட்கள் குறைவாதலால் ரமளான் ஆண்டுதோறும் முன்னே நகர்கிறது. 2022இல் ஏப்ரலில் தொடங்கிய நோன்பு 2026இல் பிப்ரவரியிலேயே தொடங்கியது. எனவே சென்ற ஆண்டின் அட்டவணையை அப்படியே படி எடுத்து ஒட்டிவிட முடியாது. ரமளானில் பராமரிப்பவர் நோன்பாளி. பிள்ளைகளோ ஸஹர் ஓசையில் விழித்துத் தூக்கம் கெட்டு வருவோர். ஆகவே ஓடியாடும் விளையாட்டைக் காலையிலேயே முடித்துவிட்டு, நண்பகலுக்குப்பின் கதையும் உறக்கமும் என வைத்தார்கள். நோன்புக் கஞ்சியே அம்மாதத்தின் பாடம். ஒரு தாம்பாளத்தில் அரிசியையும் பாசிப்பருப்பையும் கொட்டினார்கள். இரண்டு வயதுப் பிள்ளை கிண்ணத்தால் அள்ளி அள்ளி ஊற்றிற்று. நான்கு வயதுச் சிறுமி எத்தனை கிண்ணம் என்று எண்ணினாள். ஐந்து வயதினன் அரிசி வேறு, பருப்பு வேறு எனப் பிரித்தான். வெவ்வேறு வயதினர் ஒரே கூடத்தில் இருக்கும்போது ஆளுக்கொரு பாடம் தேவையில்லை, ஒரே பொருள் போதும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். மாலையில் பிறை பார்ப்பதைப் பெற்றோரின் பொறுப்பாக விட்டார்கள். மறுநாள் கூடத்தின் தரையெல்லாம் சாக்கட்டிப் பிறைகள்!

ஒரே கதையை வாரம் முழுவதும் சொல்கிறாரே என்று சில தாய்மார்கள் வினவினர். பிள்ளைகளே அதை வேண்டுகின்றனர். அடுத்து வரும் சொல்லை முந்திக்கொண்டு தாமே சொல்வதில் அவர்களுக்கு அத்தனை மகிழ்ச்சி.

பாதுகாப்பைப் பற்றி உறுதியாகச் சொல்லவேண்டியவை சில. பல்லாங்குழிச் சோழி, புளியங்கொட்டை, கோலிக்குண்டு ஆகியவை மூன்று வயதுக்குட்பட்டோர் கைக்கு எட்டவே கூடாது. முழு நிலக்கடலையும் முழுத் திராட்சையும் தொண்டையை அடைத்துவிடும். கிணற்றுக்கு மூடி வேண்டும். தவழும் பிள்ளைக்கு ஒரு வாளித் தண்ணீரே ஆபத்து. ஆதலின் தண்ணீர் விளையாட்டு முடிந்தவுடன் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட வேண்டும். கைப்பேசியைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஒரு வயதுக்குட்பட்டோருக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதினருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகாமல், குறைவாக இருப்பது நலம் என்றும் கூறுகிறது. அந்தக் கூடத்தில் கைப்பேசி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. நம் வீடுகளில் எங்கே இருக்கிறது என்பதை நான் கேட்கப்போவதில்லை.

குறைப்பட்ட அந்தத் தந்தையிடமும் சென்று, நான் சொன்னது பிழை என்று கூறினேன். அவர் உடனே ஒப்பவில்லை. எனினும் மாதத் திட்டம் எழுதிய தாளை வாங்கிப் படித்தார். மழை மாதத்தில் தாமே பத்துக் கப்பல் செய்து அனுப்பியிருந்தார். வேலையை விட்ட அந்தத் தாய்க்கு இன்னும் வேறு வேலை அமையவில்லை. அறிந்தவர்கள் முத்தவல்லி அவர்களிடம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

நிர்வாகத்திடம் என் கோரிக்கை இரண்டு. மக்தபின் பின்கூடம் காலை ஒன்பது மணிக்குமேல் வெறுமையாகவே கிடக்கிறது. வாரம் ஒருநாள் இப்பிள்ளைகள் அங்கு வந்து ஓடி விளையாட அனுமதி தரவேண்டும். பிள்ளை பராமரிக்கும் சகோதரிகள் அனைவரும் மாதக் கடைசிச் சனிக்கிழமை அஸருக்குப்பின் கூடி, அடுத்த மாதத் திட்டத்தை எழுத அந்த மூதாட்டி இசைந்துள்ளார். அதற்குரிய தாள், சாக்கட்டிச் செலவை ஜமாஅத் ஏற்கவேண்டும். கொட்டாங்குச்சி, காலி டப்பா, பழைய துணி ஆகியவற்றைக் கழுவிக் காயவைத்து அனுப்புவோர் பள்ளிவாசல் அலுவலகத்தில் சேர்க்கலாம். மூடி இறுகாத டப்பாக்கள் வேண்டாம். சென்ற முறை எறும்பு வந்துவிட்டது.

வஸ்ஸலாம்.