ஜாக் லாவின் அச்சமும் போர்விளையாட்டின் விதிகளும்



மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி ஆடும் போர்விளையாட்டைப் பற்றி ஆராயத் திருச்சியைவிடப் பொருத்தமான ஊர் தென்னாட்டில் இல்லை என்பது என் துணிபு. 1751 முதல் 1754 வரை இந்த ஊரைச் சுற்றி நடந்த சண்டைகளில் படைபலம் அதிகமாக இருந்தவர்களே பலமுறை தோற்றார்கள். அது ஏன் என்பதற்கான விடை வீரர்களின் மனத்தில் இருக்கிறது. அவர்களை நடத்தியவர்களின் மனத்தில் இன்னும் அதிகமாக இருக்கிறது.

எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' விளையாட்டில் ஈய வீரன் குண்டு பட்டு விழும்வரை நிற்பான். பயந்து ஓட அவனுக்கு விதி இல்லை. டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962இல் 'வார் கேம்ஸ்' எழுதிய காலத்தில் மனவுறுதி விதிகள் இந்த ஆட்டத்துக்குள் வேரூன்றத் தொடங்கியிருந்தன. ஓர் அணி ஆள் இழந்தால் பகடை உருட்ட வேண்டும். எண் போதாவிட்டால் அணி பின்வாங்கும், அல்லது சிதறும். ஆட்டம் உண்மைக்கு நெருங்கியது இதனால்தான். ஆனாலும் இவ்விதிகளில் பெரும்பாலானவை வீரனை மட்டுமே சோதிக்கின்றன. மேசையருகே தளபதியாக நிற்பவருக்குச் சோதனை கிடையாது. என் மனக்குறை இதுதான்.

1752ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு உரிமை கோரிய முகம்மது அலி திருச்சிக் கோட்டைக்குள் இருக்கிறார். அதே பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரர்களும் முற்றுகையிட்டிருக்கிறார்கள். பிரெஞ்சுப் படைக்குத் தலைவர் ஜாக் லா. பாரிஸ் நகரைத் தம் வங்கித் திட்டத்தால் ஆட்டிவைத்த ஜான் லாவின் தம்பி மகன். ஆங்கிலேயத் தளபதிகளான ஸ்ட்ரிங்கர் லாரன்ஸும் கிளைவும் முகம்மது அலிக்கு உதவிப்படையோடு வந்து சேர்ந்ததும், லா காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கினார். சந்தா சாகிபுக்கு அதில் விருப்பமில்லை. அதற்கு முன் பெரும் தோல்வி எதுவும் நடக்கவில்லை. வீரர்கள் சிதறவும் இல்லை. இரண்டு ஆறுகளுக்கும் கோயிலின் பெரிய மதில்களுக்கும் நடுவே பாதுகாப்பு இருப்பதாகத் தலைவருக்குத் தோன்றியது, அவ்வளவுதான். கிளைவ் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் பாளையம் இறங்கிப் புதுச்சேரி வழியை அடைத்தார். லாவுக்கு உதவ வந்த படை வாலிகண்டபுரத்தில் சரணடைந்தது. ஜூன் மாதம் சுமார் 800 ஐரோப்பியரும் 2,000 சிப்பாய்களும் ஸ்ரீரங்கத்தில் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். தஞ்சைத் தளபதியிடம் அடைக்கலம் புகுந்த சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது.

இந்தப் போரை வழக்கமான விதிகளில் ஆடினால் லாவின் அணிகள் எல்லாம் சோதனையில் தேறிவிடும். ஏப்ரலில் தேறிய படை ஜூனில் ஏன் சரணடைந்தது என்று ஆட்டம் சொல்லாது. படைமாட்சி அதிகாரத்தின் கடைசிக் குறளில், உறுதியான வீரர் பலர் இருந்தும் தலைவர் இல்லையேல் அது படையே அல்ல என்கிறார் வள்ளுவர். விதி எழுதுவோர் அந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எப்படித் தொடங்குவது? 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வகுத்த கிரீக்ஸ்ஷ்பீல் என்ற போர்விளையாட்டில் ஆடுபவருக்கு முழுக் களமும் தெரியாது; நடுவர் சொல்வதுதான் தெரியும். எதிரி எத்தனை பேர், வழி திறந்திருக்கிறதா என்ற ஐயம் ஆடுபவரையே அரிக்கும். லாவை அரித்ததும் அதுதான். தளபதிக்கென்று தனிப் பகடை வேண்டாம். நடுவரை மீண்டும் கொண்டுவாருங்கள். அச்சம் தானாக வரும்.

மிதமிஞ்சிய உற்சாகத்துக்கும் விதி வேண்டும். 1753 நவம்பர் இரவொன்றில் பிரெஞ்சு வீரர்கள் ஏணி வைத்துத் திருச்சிக் கோட்டையின் டால்ட்டன் கொத்தளத்தில் ஏறிவிட்டார்கள். சுடக்கூடாது என்பது கட்டளை. ஆனாலும் கைப்பற்றிய பீரங்கியை ஊருக்குள் திருப்பிச் சுட்டு, மன்னர் வாழ்க என்று முழங்கினார்கள். கோட்டை விழித்துக்கொண்டது, நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டார்கள். வெற்றி பெற்ற அணியைச் சோதிக்கும் விதிகள் மிகக் குறைவு.

இன்னொன்று. லா சரணடைந்த பிறகும் ராஜபுத்திர வீரர் ஆயிரம் பேர் ஸ்ரீரங்கம் கோயிலை விட்டு வெளியேற மறுத்ததாக வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். உள் பிரகாரத்துக்குள் கால் வைத்தால் வெட்டுவோம் என்றார்கள். வென்றவர்கள் உள்ளே போகவில்லை. தலைவர் இல்லை, தீவு கைவிட்டுப் போயிற்று, எந்த அட்டவணையிலும் அவர்கள் ஓடியிருக்க வேண்டியவர்கள். தம் உயிரைவிட மேலாக ஓர் இடத்தைக் கருதும் அணிக்கு எப்படி மதிப்பெண் போடுவது? இன்றைய அமர்வுகளில் இதற்கு விடை தேடுமாறு கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.