மாஸ்கோ போகாத நம் காற்பந்துக் குழு


1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று நம் காற்பந்துக் குழு மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. கோல் காவலர் நம்ம ஆர். ஆறுமுகம். தற்காப்பில் சந்தோக் சிங், சோ சின் ஆன். சோவியத் படை ஆப்கானிஸ்தானில் புகுந்ததைக் கண்டித்து அரசாங்கம் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. குழு போகவில்லை.

கண்டனம் நியாயம்தான். ஆனால் நாம் பால் வெட்டிய ரப்பர் ரஷ்யாவுக்குப் போய்க்கொண்டேதான் இருந்தது! வியாபாரிக்கு நட்டமில்லை, விளையாட்டாளனுக்கு மட்டும் நட்டம். படையோ 1989-இல்தான் வெளியேறியது. அதற்கு முந்திய ஆண்டே ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்துவிட்டார், ஒலிம்பிக் பார்க்காமலே.

1974-இல் டேவிஸ் கிண்ண இறுதியாட்டத்தில் நிறவெறி தென்னாப்பிரிக்காவுடன் ஆட இந்தியா மறுத்தது. சென்னை அமிர்தராஜ் சகோதரர்களுக்குக் கிண்ணம் கைநழுவிப் போனது. அது வேறு கதை. அங்கே ஒடுக்கப்பட்ட மக்களே புறக்கணிக்கச் சொன்னார்கள்.

இனி யாராவது நம் பிள்ளைகளை ஆடாதே என்றால், வியாபாரத்தையும் நிறுத்துவீர்களா என்று முதலில் கேளுங்கள்.