மாமா நிறுத்திய மாத்திரை

போன எபிசோடுல கீமோதெரபி பத்திப் பேசினதுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க. "மாத்திரையிலேயே கேன்சரை அடக்கலாமாமே, அப்புறம் கீமோ எதுக்கு?"

எங்க வீட்டுக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அம்மாவோட தம்பி, எங்க மாமா, அவருக்கு சி.எம்.எல். வந்தது. நாள்பட்ட மைலாய்டு லுகேமியா. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. வேலை செய்யும் இடத்தில் எடுத்த சாதாரண ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. வீட்டில் முதல் கேள்வியே "முடி கொட்டிடுமா?"தான். டாக்டர் எழுதிக் கொடுத்தது இமாடினிப் 400 மில்லிகிராம், தினம் ஒரு மாத்திரை. முடி கொட்டலை. மூணு மாசத்துல கவுன்ட் நார்மல்.

எப்படி? கீமோ மருந்துகள் பொதுவா வேகமாப் பிரியும் செல்களைத் தாக்கும். கேன்சர் செல் அப்படிப்பட்டது, சரி. ஆனா முடியின் வேர், வாயின் உள்தோல், குடல், எலும்பு மஜ்ஜை எல்லாமே வேகமாப் பிரியுறதுதான். அடி அங்கேயும் விழும்.

சி.எம்.எல். கதை வேற. 1960இல் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு ரெண்டு பேரும் இந்த நோயாளிகளின் செல்லில் ஒரு குரோமோசோம் குட்டையா இருக்கிறதைப் பார்த்தாங்க. 1973இல் ஜேனட் ரௌலி காரணத்தைக் கண்டுபிடிச்சாங்க: 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாத்திக்கிட்டிருக்கு. அந்த ஒட்டில் உருவாகும் புதுப் புரதம், ஆஃப் ஆகாத தண்ணி மோட்டர் மாதிரி. மொட்டைமாடி டேங்க் வழிஞ்சுக்கிட்டே இருக்கும். வெள்ளை அணு பெருகிக்கிட்டே இருக்கும்.

மோட்டர் ஓட கரண்ட் வேணும் இல்லையா? அந்தப் புரதத்துக்கு ஏ.டி.பி. என்ற மூலக்கூறுதான் கரண்ட். அது வந்து நுழையுற பிளக் பாயின்ட்டுல இமாடினிப் போய் உட்கார்ந்துக்கும். பிரையன் டுருக்கர் 1998இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க ஆரம்பிச்சார், 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதியே கிடைச்சிடுச்சு.

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். சி.எம்.எல். பெரும்பாலும் ஒரே மோட்டரை நம்பி வாழும் நோய். நிறைய கேன்சர் அப்படி இல்லை. பல மோட்டர் ஓடும், ஒண்ணை அடைச்சா இன்னொண்ணு. விரைப் புற்றுநோயையும் குழந்தைகளுக்கு வரும் லுகேமியாவையும் பெருமளவு குணமாக்கினது கீமோதான். அதனால கீமோ பழசு, மாத்திரை புதுசுன்னு பேசறது எனக்கு ஒப்பாது.

விலை பத்தியும் சொல்லணும். இந்த மருந்தின் ஒரு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் 1998இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பிச்சது நம்ம சென்னை காப்புரிமை அலுவலகத்தில். 2006இல் நிராகரிச்சாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று அதே முடிவு உறுதியாச்சு. அப்போ அந்தக் கம்பெனி மருந்து மாசத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாயா இருந்தது. இந்தியக் கம்பெனிகளுடையது 10,000 ரூபாய்க்கும் கீழே இருந்தது. மாமா கையில் இருந்தது இந்த இரண்டாவது வகை.

அப்படியிருந்தும் அவர் நிறுத்திட்டார். மூணாவது வருஷம். பணம் காரணமில்லை. காலையில கண் வீங்கும், ராத்திரி கெண்டைக்கால் இழுக்கும். தோல் வெளுத்தது; கல்யாண வீட்டில் "நல்லா கலராயிட்டீங்களே"ன்னு பாராட்டு வேற! அதுவும் இந்த மருந்தோட வேலைதான். ஒருநாள் விட்டு ஒருநாள் போட ஆரம்பிச்சு, அப்புறம் விட்டே விட்டார். கேட்டா "போடறேன்டா"ம்பார். மூணு மாசத்துக்கு ஒரு முறை எடுக்கும் பி.சி.ஆர். டெஸ்ட்டில் எண் எகிறினப்போதான் தெரிஞ்சது.

ரொம்பக் கோபத்துல "ஏன் மாமா?"ன்னு கேட்டேன். "நல்லா இருக்கிறவன் எதுக்குடா தினமும் நோயாளின்னு ஞாபகப்படுத்திக்கணும்?"னார். எனக்குப் பதில் வரலை.

லண்டனில் 87 பேரை வைத்து ஒரு ஆய்வு, 2010இல் வந்தது. மாத்திரை பாட்டில் மூடியில் சிப் வைச்சு, எப்போ திறக்கிறாங்கன்னு மூணு மாசம் பதிவு பண்ணாங்க. 90 சதவீதத்துக்கு மேல் சரியாப் போட்டவங்களுக்கு நோய் நல்ல ஆழத்துக்கு இறங்கும் வாய்ப்பு, ஆறு வருஷக் கணக்கில், சுமார் 94 சதவீதம். அதுக்குக் கீழே போட்டவங்களுக்கு 28. மாசத்துக்கு மூணு நாள் விட்டாலே 90தான். மருந்து மோட்டரைக் கழட்டிப் போடலை. பிளக் பாயின்ட்டை அடைச்சு வைச்சிருக்கு. ஒரு நாளுக்குள்ளயே அதோட அளவு பாதிக்கும் கீழே இறங்கிடும், அடுத்த மாத்திரை வரணும்.

பல வருஷம் போட்டு, டெஸ்ட்டில் நோயே தென்படாம இருந்தவங்க சிலர் டாக்டர் கண்காணிப்பில் நிறுத்தியிருக்காங்க, அது உண்மை. பிரான்ஸில் 100 பேர் அப்படி நிறுத்தினதில் பாதிக்கும் மேற்பட்டவங்களுக்குத் திரும்பி வந்தது, பெரும்பாலும் ஆறு மாசத்துக்குள்ள. அடிக்கடி டெஸ்ட் எடுத்ததால உடனே பிடிச்சு மறுபடி மருந்து ஆரம்பிச்சாங்க. மாமா செய்தது அது இல்லை.

அவர் விஷயத்தில் மருந்தை எதிர்க்கும் புது மரபணு மாற்றம் எதுவும் வரலைன்னு டெஸ்ட்டில் தெரிஞ்சது. வந்திருந்தா வேற மருந்துக்கு மாறியிருக்கணும். அதே 400 மில்லிகிராமை மறுபடி ஆரம்பிச்சு, ரெண்டு டெஸ்ட்டா எண் இறங்கியிருக்கு. கால் இழுக்கிறதை இந்த முறை மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லி, அதுக்கும் வழி பண்ணிக்கிட்டார். இப்போ ராத்திரி சாப்பாடு முடிச்சு, பெரிய டம்ளர் தண்ணியோட மாத்திரையைப் போட்டுட்டு, காலி ஸ்ட்ரிப்பை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பறார். கேப்ஷன் எதுவும் இருக்காது. நானும் ஒரு தம்ஸ்அப் மட்டும் போடுவேன்.